பின்வரிசையில் இருந்த நண்டு

...பையையுமா தூக்கிட்டுப் போவாங்க? நீங்களே சொல்லுங்க ஹோரி சான். பொண்டாட்டிகிட்ட கோவிச்சுக்கிட்டுப் போறவர் நாலு சட்டைய எடுத்துட்டுப் போகலாம். சவரக் கத்திய எடுத்துட்டுப் போகலாம். நிலநடுக்கம் வந்தா தூக்கிட்டு ஓடறதுக்குன்னு வாசல்ல மாட்டி வெச்ச பைய எடுத்துட்டுப் போற மனுஷன எங்கயாவது பாத்திருக்கீங்களா? தண்ணி, ரேடியோ, டார்ச், பிஸ்கட்டு... எல்லாம் அதுலதான்! "அது ஆபத்துக்கு வெச்சது, அதை ஏன் எடுக்குறீங்க"ன்னு கேட்டேன். "இதுதான் ஆபத்து"ன்னு செருப்பு மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாரு எங்க வீட்டுக்காரர்.

பிஸ்கட்டு அடுத்த மாசம் தேதி முடியுது. அதாவது தெரியுமா அந்த மனுஷனுக்கு? தெரியாது.

அட, என்ன இது... துண்டா? எதுக்கும்மா இதெல்லாம். இந்தக் காலத்துப் புள்ளைங்க பக்கத்து வீட்டுக்குக் குடி வந்தா கதவச் சாத்திக்கிட்டு இருக்குங்க. நீங்க துண்டோட வந்து தலை குனியறீங்க. நல்ல வளர்ப்பு. இல்ல இல்ல, இருங்க, என்ன அவசரம்? சாமான் எங்கயும் ஓடிப்போகாது. வெறுங்கையோட உங்கள அனுப்பினேன்னா நாளைக்குத் தெருவே என்னைப் பேசும்.

இங்க பாருங்க, இந்த மாடிப்படிக்குக் கீழ. சும்மா எட்டிப் பாருங்க, கடிக்காது, எல்லாம் டின்னு. மீனு, சோளம், பீன்ஸு, பீச் பழம், அப்புறம் அந்தக் கோழிக்கறி... நல்லா இருக்காது, ஆனா கெடாம நிக்கும். பாத்தீங்களா வரிசைய? பழசு முன்னால, புதுசு பின்னால. முன்னாலேர்ந்து ஒண்ணு எடுத்துச் சாப்பிட்டா, கடையிலேர்ந்து ஒண்ணு வாங்கிப் பின்னால வெக்கணும். மூடியில பெரிய எழுத்துல தேதி. எல்லாம் என் கையெழுத்து. நகராட்சிக்காரங்க வந்து பாத்துட்டு, "சுகியாமா சான் வீட்டு அலமாரி மாதிரி ஷிசுவோகாவுலயே இல்ல"ன்னாங்க. சத்தியமாச் சொன்னாங்க.

நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து சொல்றாங்க, பெரிய நிலநடுக்கம் வரப்போகுது, பெரிசு வரப்போகுதுன்னு. வந்துச்சா? புள்ள பொறந்தான், வளர்ந்தான், ஒசாகாவுக்குப் போனான். அது மட்டும் வரல. அது வர்ற வரைக்கும் டின்னு காத்திருக்குமா? தேதி முடியுமே! அதனால நாங்க சாப்பிட்டோம். வராத நிலநடுக்கத்த தினம் கொஞ்சம் கொஞ்சமாச் சாப்பிட்டோம், வருஷக்கணக்கா.

எங்க வீட்டுக்காரர் சொல்லுவாரு, "இந்த வீட்டுல எனக்குன்னு தட்டுல விழறது எல்லாம் சாகப்போற மீனு"ன்னு. செத்த மீனுதானே எல்லாமே! என்ன பேச்சு இது? தபால் ஆபீசுல ஒரு ஆயுசு முத்திரை குத்தினவருக்குத் தேதியோட அருமை தெரிய வேண்டாமா?

இப்ப எங்க இருக்காருன்னு கேளுங்க. யாய்சுவுல. எங்க நாத்தனார் வீட்டுல. துறைமுகத்துக்கு எதிர் வீடு. காலையில படகு வந்தா மத்தியானம் தட்டுல மீனு. அதுக்குத் தேதியும் கிடையாது, மூடியும் கிடையாது. நல்லாத் தின்னட்டும். நாத்தனாரு பொங்கிப் போடட்டும். அவளுக்கு எம்மேல அந்தக் காலத்துலேர்ந்தே ஒரு இது... சரி, அது வேற கதை.

எதுக்குச் சண்டைன்னு நீங்க கேக்கல. கேக்காம இருக்குறது உங்க மரியாதை. ஒரு மத்தி மீன் டின்னுக்குத்தான் சண்டை. ஆமா, நம்புவீங்களா? காலைச் சாப்பாட்டுக்கு வெச்சேன். "இன்னிக்கோட தேதி முடியுது, மிச்சம் வெக்காம சாப்பிடுங்க"ன்னேன். இது தப்பா? டின்னைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அப்புறம் என்னைப் பாத்தாரு. "எனக்கு எந்தத் தேதி எழுதி வெச்சிருக்க?"ன்னு கேட்டாரு. சாப்பிடற குச்சி ரெண்டையும் சேத்து வெச்சாரு, எழுந்தாரு. அவ்வளவுதான். மத்திக்கு இவ்வளவு ரோஷம்!

ம்?... ஆமா, மத்திக்காக மட்டும் இல்லதான். உங்க புருவம் பொல்லாத புருவம்மா, அதுவே எல்லாத்தையும் கேட்டுடுது.

முந்தின நாள் கவாய் சான் வீட்டுக்குச் சதுரங்கம் ஆடப் போயிருந்தாரு. கோடி வீடு, நாய் இருக்கே, அது. அங்க அந்த ஆளு குடிக்க சாக்கே ஊத்தி, தொட்டுக்க நண்டு டின்னு ஒண்ணத் திறந்திருக்காரு. நல்ல நண்டு. கால் காலா காகிதத்துல சுத்தி வரும், பணக்காரங்க கல்யாணத்துக்குக் குடுக்கறது. திறந்து, மூடிய எங்க வீட்டுக்காரர் பக்கம் வெச்சிருக்காரு. மூடியில தேதி. என் கையெழுத்து.

கவாய் சான் எங்களுக்குக் கூடை நிறைய ஆரஞ்சு குடுத்தாரும்மா! வாங்கிட்டு சும்மா உக்கார முடியுமா, இந்தத் தெருவுல? பதிலுக்கு ஏதாவது குடுக்க வேண்டாமா? கூடை பெரிய கூடை. சோளம் குடுத்தா கேவலம். நண்டுக்குத் தேதி முடிய இன்னும் ஒரு மாசம் இருந்துச்சு. ஒரு மாசம் இருந்தா அது பரிசு, ஒரு நாள் தாண்டினா அது குப்பை. நான் யாருக்கும் குப்பை குடுத்ததில்ல. குடுத்தேன். முறையாத் துணியில கட்டித்தான் குடுத்தேன்.

நீங்களே சாப்பிட்டிருக்கலாமேன்னு பாக்குறீங்க.

எப்ப சாப்பிடறது? செவ்வாக்கெழமையா? வெளிய மழை, வீட்டுல முள்ளங்கி, அன்னிக்கா? அவரு வேலையிலேர்ந்து ஓய்வு பெற்ற அன்னிக்கு வாங்கிட்டு வந்தது அது. தபால் ஆபீசுல குடுத்த பூங்கொத்த ஒரு கையில பிடிச்சுக்கிட்டு, நண்டு டின்ன இன்னொரு கையில பிடிச்சுக்கிட்டு, இதோ நீங்க நிக்கறீங்களே, இந்த இடத்துல நின்னு, "நம்ம ரெண்டு பேருக்கும்"னாரு. நான் வாங்கினேன். மூடியில தேதி எழுதினேன். பின்வரிசையில வெச்சேன். புதுசு பின்னாலதானே போகணும்? இல்ல, புதுசு முன்னால வெக்கற வீடு எங்கயாவது உண்டா?

அப்பப்ப கேப்பாரு. "நண்டு எப்படி இருக்கு?"ன்னு. வெளியூருல படிக்கிற புள்ளைய விசாரிக்கிற மாதிரி. "இருக்கு, இருக்கு"ம்பேன். நிலநடுக்கம் வந்து, கூரை பாதி போய், மெழுகுவத்தி வெளிச்சத்துல ரெண்டு பேரும் உக்காந்து... அன்னிக்குத் திறக்கலாம்னு எனக்கு ஒரு நினைப்பு. சிரிக்காதீங்க. ஊரே இடிஞ்சு கிடக்கும்போது எங்க வீட்டுல மட்டும் நண்டு. வேற எந்த நாளும் அதுக்குப் போதுமான நாளா எனக்குத் தெரியல. என்ன பண்ணச் சொல்றீங்க?

அன்னிக்கு கவாய் வீட்டுலேர்ந்து வந்தாரு. முகத்துல ஒண்ணுமே தெரியல. "நல்லா இருந்துச்சா?"ன்னு நானே கேட்டுத் தொலைச்சேன், சாக்கேயப் பத்தி. "நல்லா இருந்துச்சு. என் பாதிய நான் சாப்பிட்டேன். உன் பாதிய கவாய் சாப்பிட்டான்"னாரு.

அதோட போய்ப் படுத்துட்டாரு. பேசியிருந்தா நானும் பேசியிருப்பேன். எனக்குப் பேச வராதுன்னு யாரும் சொல்ல முடியாது. மறுநாள் காலையில நான் என்ன பண்ணேன்? ஒரு முட்டையாவது பொரிச்சேனா? இல்ல. அலமாரியத் திறந்தேன், முன்னால நின்னது மத்தி. வரிசைப்படி எடுத்தேன். என் கை அப்படியே பழகிடுச்சு ஹோரி சான். பின்னால போகவே தெரியல அதுக்கு.

அட, கிளம்பிட்டீங்களா? இருங்க, செருப்ப மாட்டாதீங்க. துண்டுக்குப் பதில் குடுக்கணும். பீச் பழம் எடுத்துட்டு வரவா? இல்ல... வேண்டாம். அதுக்கு இந்த ஏப்ரலோட தேதி முடியுது. உங்களுக்கு நான் நாளைக்குக் கடைக்குப் போயி, திங்கற மாதிரி ஏதாவது வாங்கிட்டு வரேன்.

உங்க கிட்ட போன் இருக்குல்ல? ஒரே ஒரு நிமிஷம் குடுங்களேன். என் நம்பரப் பாத்தா மணி அடிச்சு முடியற வரைக்கும் விட்டுடறாரு. தெரியாத நம்பருன்னா எடுப்பாரு. தபால்காரர் புத்தி, யாரோ விலாசம் தப்பாப் போட்டுட்டாங்கன்னு நினைப்பாரு. பேசறத நான் பேசிக்கறேன், நீங்க அமுத்திக் குடுங்க போதும். எனக்கு இந்தக் கண்ணாடிப் போனெல்லாம் வராது.

போகுதா? மணி போகுதா?

...ஹலோ. நான்தான். போன வெச்சுடாதீங்க! பக்கத்து வீட்டுப் பொண்ணோட போனு, வெச்சா அவளுக்குத்தான் அவமானம். கேளுங்க. அந்த பிஸ்கட்டு... இல்ல, பிஸ்கட்ட விடுங்க. ராத்திரிக்கு சாதம் வெச்சிருக்கேன். அயிலை டின்னு ஒண்ணு திறந்துட்டேன். நேத்து வாங்கினது. பின்னாலேர்ந்து எடுத்தது. ஒரு ஆளுக்கு அது ஜாஸ்தி, மறுபடி மூடி வெக்கவும் முடியாது... என்ன?

இல்லைங்க. கண்ணெல்லாம் நல்லாத்தான் தெரியுது. மாத்தி எடுக்கல. தெரிஞ்சுதான் எடுத்தேன்.