ஃப்ரிட்ஜில் வைத்த கேக்

முதன்முதலாக கேக் அலங்கரிக்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான், மேடம். அவசரப்படக் கூடாது. கேக் முழுக்க ஆறட்டும். உப்பி மேடாக வந்திருக்கும் மேல்பகுதியை நீளக் கத்தியால் சீவிச் சமமாக்க வேண்டும். வெண்ணெய் கிரீமை மெல்லப் பூசி, அதன்மேல் ஃபாண்டன்ட்டைப் போர்த்த வேண்டும். ஃபாண்டன்ட் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, சர்க்கரையைப் பிசைந்து விரிப்பு மாதிரித் தேய்த்தது. போர்த்திய கேக்கை ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்கவே கூடாது. வெளியே எடுத்ததும் வேர்த்துக் கொட்டிவிடும்.

குட்டி அதைத்தான் செய்தாள். குட்டி என் தங்கை. பதினொரு வருடத்துக்கு முன் அவள் கல்யாணத்துக்கு மூன்றடுக்கு கேக் செய்தேன். மூன்று நாள் வேலை. நல்லது செய்வதாக நினைத்து, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதைத் தூக்கி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டாள். விருந்தாளிகள் முன்னால் கேக்கில் ஒட்டியிருந்த சர்க்கரைப் பூக்கள் ஒவ்வொன்றாக வழுக்கி விழுந்தன. அவள் மாமியார் முகம் சுளித்தார். குட்டி மேசைக்கடியில் என் கையை இறுக்கிப் பிடித்தாள். "சொல்லிடாதக்கா" என்றாள். என் கைதான் சரியில்லை என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு, அதன் பிறகு நான் வாயே திறக்கவில்லை.

அவளுக்கு பாதாம் ஆகாது. ஐந்து வயதில் அரை பிஸ்கட் தின்றுவிட்டு மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதற்குப் பிறகு என் சமையலறைக்குள் பாதாம் நுழைந்ததில்லை. என் மகனுக்கு பாதாம் என்றால் உயிர். அவன்கூட பக்கத்து வீட்டில் போய்த்தான் தின்பான். வெளியில் எங்கே போனாலும் தண்ணீரைத் தவிர எதையும் தொடாத குட்டி, நான் கொடுத்தால் என்ன ஏது என்று கேட்க மாட்டாள்.

தொழிலையும் நான்தான் கற்றுக்கொடுத்தேன். இரண்டு வருடமாக அவள் வீட்டில் புதியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. வகுப்புக்கு வேண்டிய வெறும் கேக்குகளைச் சுட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. போன மாதம் ஒருநாள் உடனே கிளம்பாமல் கதவோரம் நின்றேன். சுவரில் படம் காட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கல்யாண கேக்.

"இது எங்க அக்கா செஞ்சது. ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்டாங்க, பாவம். நீங்க யாரும் எங்க அக்கா ஆயிடாதீங்க" என்றாள்.

மாணவிகள் எட்டுப் பேரும் சிரித்தார்கள். முதல் வகுப்பு எப்போதும் இப்படித்தான் தொடங்குமாம். வகுப்பு முடிந்ததும் கேட்டேன். சும்மா தமாஷ், இதைப் போய்ப் பெரிதுபடுத்துகிறாயே என்றாள். யார் வைத்தது என்பது உனக்கும் எனக்கும் மட்டும்தானே தெரியும் என்று சிரித்தாள். காலித் தட்டுகளை அடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இந்தச் சனிக்கிழமை மாவில் கால் பங்கைக் குறைத்துவிட்டு பாதாம் பொடி சேர்த்தேன். கேக் நன்றாகவே வந்தது. வகுப்புக்கு அரை மணி நேரம் இருந்தது. நாங்கள் இருவர்தான். அவள் மேடுகளைச் சீவினாள். சீவிய துண்டை வாயில் போட்டுக்கொள்வது அவள் வழக்கம், கேக் செய்கிற எல்லோருக்கும் அந்த வழக்கம் உண்டு. இரண்டு துண்டு தின்றாள்.

அவள் கைப்பையில் எப்போதும் ஓர் ஊசி இருக்கும். மூச்சுத் திணறினால் தொடையில் குத்திக்கொள்வதற்கு. சமையல் மேசையில் கைப்பை கிடப்பது சுத்தமில்லை என்பதால் அதை முன்பே எடுத்து என் மடியில் வைத்திருந்தேன்.

முதலில் உதடு தடித்தது. அப்புறம் கழுத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, பேக்" என்றாள்.

"தரேன் குட்டி. முதல்ல சொல்லு, கேக்கை ஃப்ரிட்ஜ்ல வெச்சது யாரு?"

நான் கத்தவில்லை. அவளைத் தொடக்கூட இல்லை. வாயைத் திறந்து திறந்து மூடினாள், என் சேலையைப் பிடித்து இழுத்தாள். மறுபடி கேட்டேன். மூன்றாவது முறையும் பொறுமையாகவே கேட்டேன். பிறகு என் சேலையை விட்டுவிட்டாள். வாசல் மணி அடித்தது. மாணவிகளுக்கு நான்தான் கதவைத் திறந்தேன்.

என் வாக்குமூலத்தைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள், மேடம். ஊசியைக் கொடுக்கக் கூடாது என்று நான் ஒருபோதும் நினைக்கவில்லை. கைப்பையின் ஜிப்பைக்கூடத் திறந்து வைத்திருந்தேன். 'நான்தான்' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கடைசிவரை அவள் சொல்லவில்லை. அவ்வளவு பிடிவாதம்.