அப்புறம் என்றொரு ஃபோல்டர்

ஐயா, உங்கள் ஸ்டேஷன் கம்ப்யூட்டரை முதலில் ஒருநாள் உட்கார்ந்து ஒழுங்குபடுத்த வேண்டும். ரைட்டர் ஐயா ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடிக்கிறாரே என்று, வாக்குமூலத்தை நானே அடித்துத் தருகிறேன் என்றேன். உட்கார்ந்து பார்த்தால் திரை முழுக்க ஃபைல்கள் இறைந்து கிடக்கின்றன. ‘நியூ ஃபோல்டர்’ என்ற பெயரிலேயே ஒரு வரிசை நிற்கிறது. ‘பைனல்’, ‘புது பைனல்’, ‘இதுதான் பைனல்’ என்று ஒரே அறிக்கை பல அவதாரம் எடுத்திருக்கிறது. மோட்டார் திருட்டு வழக்கும் யார் வீட்டு மஞ்சள் நீராட்டு விழாப் படங்களோ அவையும் ஒன்றாகக் கிடக்கின்றன. நான் குறை சொல்லவில்லை. இப்படி வைத்திருப்பவர்கள் என்னைப் பிடித்து வந்து உட்கார வைத்திருப்பதுதான் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது.

என் பெயர் தீனதயாளன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், ஸ்கேன், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு. போன வருஷம் கொடுத்த சாதிச் சான்றிதழைத் தொலைத்துவிட்டேன் என்று யார் வந்து நின்றாலும், அவர் பெஞ்சில் உட்கார்வதற்குள் பிரிண்ட் வெளியே வந்துவிடும். அதற்காகவே திருக்கோவிலூரிலிருந்துகூட ஆட்கள் வருவார்கள். கம்ப்யூட்டரை ஒழுங்காக வைத்துக்கொள்வது ஒரு குணம். அது எல்லோருக்கும் வருவதில்லை.

கல்வராயன் மலை ஆட்களும் என்னிடம்தான் வருவார்கள். மேலே டவர் கிடைக்காது. போன் வைத்திருப்பவர்களும் எந்த ஆஃபர் மலிவோ அதற்குத் தகுந்தபடி சிம்மை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அதனால் விண்ணப்பத்தில் போன் நம்பர் கேட்கும் இடத்தில் என் கடை நம்பரையும், மெயில் கேட்கும் இடத்தில் என் கடை மெயிலையும் போட்டுவிடுவேன். எல்லா சென்டரிலும் அதுதான் பழக்கம். ஓ.டி.பி. எனக்கு வரும், பாஸ்வேர்டு என்னிடம் இருக்கும், அழைப்புக் கடிதமும் எனக்கே வரும். வெள்ளிமலைப் பக்கம் கடுக்காய் பொறுக்கி விற்கும் சடையன், மகள் தனுஷாவைக் கூட்டிக்கொண்டு நர்சிங் படிப்புக்கு விண்ணப்பம் போட வந்தபோது, பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கப் போனேன். அவர் வாங்கவில்லை.

“எங்களுக்கு இன்னா தெரியும் அதுல. நீயே வச்சிக்கினு இரு சாமி. வந்தா சொல்லு, போதும்” என்றார்.

அது மாவட்டம் புதிதாகப் பிரிந்து, ஆளாளுக்கு முகக்கவசத்தைத் தாடையில் மாட்டிக்கொண்டு திரிந்த சமயம். எங்கள் ஆட்களின் இட ஒதுக்கீட்டுப் போராட்டமும் அப்போதுதான் சூடு பிடித்திருந்தது. மனு கொடுப்பது, மறியல், ஊர்வலம் என்று ஊரே இரைச்சலாக இருந்தது. நான் எதற்கும் போகவில்லை. வெயில் எனக்கு ஒத்துக்கொள்ளாது. எங்கள் சாதிச் சங்கத்தில் முன்னால் நிற்கும் அரங்கநாதன் ஒருநாள் கடைக்கு வந்தார்.

“தீனா, நம்ம பசங்க எத்தினி பேரு அப்ளை பண்ணிக்கிறாங்க, மத்தவன் எத்தினி பேருன்னு பிரிச்சிக் குடு. மேல அனுப்பணும்” என்றார்.

அதுவரை என் ஃபோல்டர்கள் தேதிவாரியாக இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எல்லாவற்றையும் சாதிவாரியாக மாற்றினேன். அது பெரிய வேலை, ஆனால் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இத்தனை நாளாகக் குப்பையை வைத்துக்கொண்டு ஒழுங்கு என்று நினைத்திருக்கிறோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது. தேதிவாரியாக இருந்தபோது அவையெல்லாம் பிள்ளைகளின் பெயர்கள். பிரித்து வைத்த பிறகுதான் எது எவ்வளவு பெரிது என்று கண்ணுக்குத் தெரிந்தது. எங்கள் ஆட்களின் ஃபோல்டர் நிரம்பி வழிந்தது, கடிதம் வருவதோ அபூர்வம். மலை ஆட்களின் ஃபோல்டர் சின்னது, பழங்குடி ஒதுக்கீட்டில் அதற்குத்தான் கடிதம் வந்துகொண்டே இருந்தது. யாராக இருந்தாலும் மனசு ஒரு நிமிஷம் நிற்கத்தானே செய்யும்.

அந்த வருஷம் என் மகள் தேவதர்ஷினிக்கு நர்சிங் கிடைக்கவில்லை. தனுஷாவுக்குக் கலந்தாய்வு அழைப்பு வந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், மார்க்கும் என் மகளைவிட அந்தப் பெண்ணுக்குத்தான் ஜாஸ்தி. அது வேறு விஷயம்.

நான் கோபப்படவில்லை. யாரையும் திட்டவில்லை. ‘அப்புறம்’ என்று ஒரு ஃபோல்டர் திறந்தேன், அவ்வளவுதான். அந்த அழைப்பை இழுத்து அதில் போட்டேன். இன்றைக்கு வேலை அதிகம், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்பதுதான் அந்தப் பெயருக்கு அர்த்தம். மறுநாள் கரியாலூர்ப் பையன் ஒருவனுக்கு வந்தது. ஒன்று அங்கே போனபின் இன்னொன்றை வெளியே வைப்பது ஒழுங்காக இருக்காது, அதையும் போட்டேன். பிறகு தினமும் கையால் இழுப்பது அலுப்பாக இருந்தது. மெயிலில் ஒரு வசதி உண்டு. இன்னின்ன பெயருக்கு வருவதை இந்த இடத்துக்குத் தள்ளிவிடு என்று ஒருமுறை சொல்லிவைத்தால், அதன் பிறகு அதுவே தள்ளிவிடும். ஆக, முதல் சிலதைத் தவிர மற்றதை எல்லாம் கம்ப்யூட்டர்தான் செய்தது. போனில் வந்த எஸ்.எம்.எஸ்.களை அவ்வப்போது அழித்தேன். எஸ்.எம்.எஸ்.ஸை யாரும் ஃபைல் என்று சொல்வதில்லை.

போராட்டச் சமயத்தில் பஸ் கண்ணாடியை உடைத்த பையன்களைப் பிடித்து வந்து இதே பெஞ்சில்தான் உட்கார வைத்தீர்கள். நான் ஒரு கூழாங்கல்லைக்கூடக் கையில் எடுக்கவில்லை.

தனுஷா வாராவாரம் வந்தாள். வெள்ளிமலையிலிருந்து பஸ் பிடித்து, சடையன் கடுக்காய் மூட்டையை மண்டிக்குக் கொண்டுபோகும் நேரத்தில் அவள் என் கடையில் வந்து நிற்பாள். நான் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. மின்விசிறிக்குக் கீழே உட்காரச் சொல்லுவேன்.

“அண்ணா, எதனா வந்துச்சுங்களா?”

“வரலம்மா. வந்தா சொல்ல மாட்டனா?”

“கூடப் படிச்ச பொண்ணுக்கு வந்துடுச்சின்னு சொல்றாங்க.”

“அது வேற லிஸ்டா இருக்கும். நீ கவலப்படாத.”

ஒருமுறை எனக்குச் சாமை அரிசி கொண்டுவந்து கொடுத்தாள். நல்ல அரிசி. வீட்டில் பொங்கல் வைத்தோம், தேவதர்ஷினிகூட இரண்டாம் முறை போட்டுக்கொண்டாள். கலந்தாய்வு முடிந்தபின் நானே தனுஷாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, இந்த வருஷம் உனக்கு இல்லை போலிருக்கிறது, மனசை விட்டுவிடாதே என்று ஆறுதல் சொன்னேன். அவள் அழவில்லை. சின்னசேலம் பக்கம் ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ மில்லில் வேலைக்குப் போய்விட்டாள் என்று சடையன் சொன்னார். அதுவும் ஒரு வேலைதானே என்றேன். அவரும் ஆமாம் என்றார்.

அரங்கநாதனிடம் ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டேன், மலை ஆட்கள் போகாத சீட் யாருக்கு வரும் என்று. “நமக்கு இன்னாத்துக்கு வரப்போவுது? அது காலியா கெடக்கும்” என்றார். எனக்கும் அது தெரியும். ஆனாலும் காலியாகக் கிடப்பது பார்க்கச் சுத்தமாகத்தானே இருக்கும்.

வருஷங்கள் கழித்து, போன வாரம் தனுஷா கடைக்கு வந்தாள். மில்லில் கூட வேலை செய்யும் ஒருத்தி வேறொரு சென்டருக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். அங்கே அந்தப் பழைய விண்ணப்ப எண்ணைப் போட்டுப் பார்த்தார்களாம். அழைக்கப்பட்டார், வரவில்லை என்று காட்டியிருக்கிறது. அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். கை முழுக்க வெள்ளை மாவு ஒட்டியிருந்தது. கவுண்டரைத் தொடாமல் தள்ளி நின்றபடி கேட்டாள்.

“அண்ணா, நான் எப்ப வராம இருந்தேன்?”

“கம்ப்யூட்டர்ல சிலது அப்பிடித்தாம்மா காட்டும்” என்றேன்.

தேவதர்ஷினி அன்றைக்குக் கடையில்தான் இருந்தாள். சீட் கிடைக்காத நாளிலிருந்து எனக்கு ஒத்தாசையாக ஜெராக்ஸ் பார்க்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அடுத்த கம்ப்யூட்டரில் தனுஷாவின் பெயரைப் போட்டுத் தேடினாள். என் ஒழுங்கில் வைத்தது, உடனே வந்து நின்றது. கடிதத்தைத் திறந்து கடைசி வரி வரை படித்தாள். பிறகு திரையைத் தனுஷாவின் பக்கம் திருப்பி வைத்தாள்.

“அன்னிக்கு நாம சாப்ட சாமை இவங்க குடுத்ததுதானப்பா?” என்று மட்டும் கேட்டாள். பதில் சொல்வதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு அந்தப் பெண்ணோடு கிளம்பிவிட்டாள். இருவரும் நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறார்கள். என் மகள் கையெழுத்தும் அந்தப் புகாரில் இருப்பதாக ரைட்டர் ஐயா சொன்னார். வீட்டுக்கும் அவள் வரவில்லை, திருக்கோவிலூரில் அவள் மாமா வீட்டில் இருக்கிறாளாம். சின்னப் பெண், கோபம் தணிந்தால் வருவாள்.

புகாரில் பாதிக்கப்பட்டவர் என்று தனுஷா பெயர் மட்டும் இருக்கிறது. ஒரு ஃபைலைத் தனியாக எடுத்துப் பார்த்தால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது ஐயா, அதனால் முழுவதையும் சொல்லிவிடுகிறேன். கடையில் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கம்ப்யூட்டரைத் திறந்து, டி டிரைவுக்குள் போங்கள். மெயிலிலிருந்து இறக்கி வைத்த ‘அப்புறம்’ இருக்கும். அதற்குள் ஊர்வாரியாகப் பிரித்திருக்கிறேன். வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு. ஊருக்குள் வருஷவாரியாக இருக்கும். ஆமாம், போராட்டம் ஓய்ந்த பிறகும் அதை நிறுத்தவில்லை. பழகிய ஏற்பாட்டை எதற்குக் கலைப்பது. நர்சிங் மட்டுமல்ல, ஐ.டி.ஐ., டீச்சர் டிரெயினிங், வனக்காவலர் வேலை, விடுதி இடம் எல்லாம் தனித்தனியாக இருக்கின்றன. கீழே உருட்டிக்கொண்டே போங்கள், கொஞ்ச நேரம் ஆகும். மலையில் அத்தனை பிள்ளைகள் படித்திருக்கிறார்கள் என்பதே எனக்கு அதைப் பார்த்துத்தான் தெரிந்தது.

உங்கள் ஆட்கள் தயவுசெய்து அதைக் கலைத்துவிட வேண்டாம். ஒரு கடிதத்தைக்கூட நான் அழிக்கவில்லை ஐயா, எல்லாம் பத்திரமாக இருக்கிறது. அவர்கள் வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அப்போதே எடுத்துக் கொடுத்திருப்பேன்.