பச்சையாய் இருந்த தீவு

தேத்தண்ணிக்குச் சீனியைக் குறையுங்கோ ஐயா, எனக்கு இனிப்பு ஒத்துவராது.

நான் ஊர்காவற்றுறை ஆள். சுனாமிக்குப் பிறகு வந்த உதவி நிறுவனம் ஒண்டில கொம்பியூட்டரும் நோயாளிப் படகும் என்ர பொறுப்பு. எங்கட ஊர் ஆஸ்பத்திரிக்கு வாற நோயாளியளின்ர விலாசத்தைப் பதிஞ்சால் தீவுகளின்ர படம் நிறம் மாறும். நோய் கூடின இடம் சிவப்பு, குறைஞ்ச இடம் பச்சை. நோயாளிப் படகு எந்தத் தீவில நிக்கவேணும் எண்டு கொழும்பில அந்தப் படத்தைப் பாத்துத்தான் முடிவெடுக்கிறவை.

அனலைதீவு எப்பவும் பச்சை. ஏனெண்டு எனக்குத் தெரியும். அங்கத்தைய ஆள் ஆஸ்பத்திரி வாட்டில படுத்தால், ஆர் சோறு கொண்டு வருவினமோ அந்த வீட்டு விலாசத்தைத்தான் குடுக்கும். சோறு குடுக்கிற சொந்தமெல்லாம் ஊர்காவற்றுறையில. அனலைதீவாரின்ர நோயும் எங்கட ஊர்க் கணக்கிலதான் விழுந்தது.

மேரிஜோசப்பின் எண்ட தாதி நேரில வந்து சொன்னவ.

"தம்பி, உம்மட படம் பிழை. அங்க நிக்கிற படகை எடுத்துப்போட்டால் அந்தச் சனம் என்ன செய்யும்?"

"ஓம் அக்கா, பாப்பம்" எண்டனான். பாக்கேல்லை. கொழும்பில அந்தப் படத்தை மற்ற மாவட்டக்காரருக்கும் காட்டி, என்னை மேடையில ஏத்திக் கை தட்டினவை. பிறகு எந்த முகத்தோட பிழையெண்டு சொல்லுறது? படகை இங்கால எடுக்கச் சொல்லி நான்தான் எழுதினனான்.

நிமலினி என்ர மனிசியின்ர தங்கச்சி, அனலைதீவில கலியாணம் கட்டினவள். அவளுக்குப் பிள்ளை வலி கண்ட அண்டைக்கு நேவி மீன்பிடி வள்ளங்களைக் கடலில இறங்க விடேல்லை. நோயாளிப் படகுக்கு மட்டுந்தான் அனுமதி. அவளின்ர புருசன் டெனிஸ்ரன் எனக்குத்தான் போன் எடுத்தான்.

"அண்ணை, படகை விடுங்கோ. ரத்தம் நிக்குதில்லை."

படகு ஓடினால் அனலைதீவுப் பயணம் எண்டு பதியவேணும். பச்சைத் தீவுக்கு ஏன் படகு விட்டனீர் எண்டு கொழும்பில கேப்பினம். கடல் அடங்கட்டும் எண்டனான். கடல் அடங்கித்தான் கிடந்தது.

அவன் திரும்பத் திரும்ப எடுத்தான். பின்னேரம் படகை விட்டனான். ஆஸ்பத்திரிக்கு வரேக்க ரெண்டு உயிரும் இல்லை. மனிசி அண்டையிலிருந்து என்னோட கதைக்கிறேல்லை. அவளுக்கு இந்த வேலையின்ர நுணுக்கம் விளங்காது.

நிமலினியின்ர பதிவை நான்தான் போட்டனான். விலாசத்துக்கு என்ர வீட்டைப் போட்டனான். தப்பியிருந்தால் எங்கட குசினியாலதானே அவளுக்குச் சோறு போயிருக்கும்? பொய் ஒண்டும் எழுதேல்லை ஐயா. நீங்களே படத்தைத் திறந்து பாருங்கோ, அனலைதீவு இப்பவும் பச்சைதான்.