பக்கத்துப் படுக்கை

குற்றப் பரம்பரையென்று வெள்ளைக்காரன் கைரேகைச் சட்டத்தில் பதிந்த ஆண்பிள்ளைகள் ராத்திரியெல்லாம் போலீஸ் ஸ்டேஷனில்தான் படுக்க வேண்டும் என்றிருந்த காலம். மதுரைக்கு மேற்கே எங்கள் பஸ் பழுதாகி நின்றுவிட்டது. எனக்கு முன்னால் ஒரு புது மாப்பிள்ளை, மாலை வாடாத பெண், அவனுடைய தாய்மாமன்.

"மாமா, பொழுது எறங்குது. நான் ஓடுறேன்."

"தாலி கட்டுன அன்னைக்குமா? ஏட்டையாகிட்ட சொல்லலையா மாப்ள?"

"சொன்னேன். 'கட்டிட்டு இருட்டுறதுக்குள்ள வந்து படு'ங்கிறாரு. போகலைன்னா வெலங்குதான்."

பெண் நிமிரவே இல்லை. மாமன் குரலைத் தாழ்த்தினார்.

"பொண்ணப் பெத்தவருகிட்ட நான் என்னத்தச் சொல்ல?"

"அவரு பஸ்ஸு நின்னதுமே ஓடிட்டாரு மாமா. ஸ்டேஷன்ல எனக்குப் பக்கத்துல படுக்கிறதே அவருதான்."