தகுதிக்கு மிஞ்சிய வெகுமதி

வரிசையில் இடையில் நுழைபவர்களை எனக்குப் பிடிக்காது. பெற்றோலுக்கு இரவு பகலாகக் காத்துக் கிடந்த காலத்தில், என் மச்சான் முன்னுக்கு நின்று கை காட்டிக் கூப்பிட்டான். நான் போகவில்லை. என் முறை வந்தபோது பெற்றோல் முடிந்துவிட்டது. அதற்காக நான் வருந்தவும் இல்லை.

ஜெயசுதன், நீங்கள் நோர்வேயில் இருந்து இவ்வளவு தூரம் வந்து ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். கடற்றொழிலாளர் சங்கத்து ஆட்களும் இருக்கிறபடியால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

வலம்புரி என்பது முகநூல் மாதிரி ஒரு தளம். ஆனால் அங்கே ஒரு பதிவுக்கு வாக்குப் போட்டால் எழுதியவருக்குக் கிரிப்டோ நாணயம் சேரும். நாணயம் அதிகம் வைத்திருப்பவரின் வாக்குக்குப் பலம் அதிகம். எதிர்வாக்குப் போட்டால் சேர்ந்தது குறையும். பலமாகப் போட்டால் பதிவே மற்றவர்களின் கண்ணில் படாமல் மறைந்துபோகும். ஏழாம் நாள் கணக்கு முடித்து வெகுமதி கொடுப்பார்கள்.

நான் அங்கே மூன்று வருடமாக எழுதுகிறேன். வாடைக்காற்று, சோளகக்காற்று, பண்ணைக் கடலின் நீரோட்டம், குருநகர்ப் பழைய வள்ளங்களின் பெயர்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும் நாலு பேரிடம் கேட்டு, அடித்துத் திருத்தித்தான் போடுவேன். கிடைத்தது ஒரு கோப்பை தேநீருக்கும் காணாது.

மேர்சிக்குக் கணக்குத் திறந்து கொடுத்ததும் நான்தான். அடுத்த வளவுப் பிள்ளை. புருசன் றோய் கடலில் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவன். அவள் என்ன எழுதினாள்? கருவாடு காயப் போட்ட படம். 'இண்டைக்கு எங்கடை வீட்டை ஒடியல் கூழ்' என்று ஒரு வரி. அதற்கு ரொறன்ரோவில் இருந்தும் லண்டனில் இருந்தும் வாக்குகள். அங்கே நிறைய நாணயம் வைத்திருக்கிற நீங்களும் போட்டீர்கள், ஜெயசுதன். என் கட்டுரைகளுக்கு 'அருமை அண்ணை' என்று மட்டும் எழுதிவிட்டுப் போனீர்கள்.

உங்களிடம் முறையிட்டேன். "அண்ணை, அப்ப நீங்களே பாருங்கோ. என்ரை வாக்குப் பலத்தை உங்களிட்டை இரவல் தாறன். நியாயமாப் பகிருங்கோ" என்றீர்கள். அப்படித்தான் 'தராசு' என்ற கணக்கு வந்தது. அது நான் என்று அப்போது உங்களைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. முகம் தெரிந்தால் நியாயம் பார்க்க முடியாது.

வாடை தொடங்கிய கிழமை றோய் தனியே போனான். கூடப் போகிறவனுக்குக் காய்ச்சல். பின்னேரம் ஒரு தடவை தொலைபேசியில் பேசினான்: எஞ்சின் நின்றுவிட்டது, படகு மேற்கே இழுபடுகிறது. அதோடு தொடர்பு அறுந்தது. தேடுகிறவர்கள் தேடினார்கள். கடல் பெரியது.

அடுத்த நாள் காலையில் மேர்சி வலம்புரியில் எழுதினாள். வெள்ளைப் படகு, நீலக் கோடு, கடைசியாக நின்ற இடம், றோயின் படம். முகநூலிலும் போட்டாள், அது ஊர்ச் சனத்துக்குள்ளேயே சுற்றியது. வலம்புரியில் இந்தியக் கரையின் பாம்பன், தங்கச்சிமடம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வாடையில் இழுபடுகிற படகு அந்தப் பக்கம்தான் போகும். அதைப் பற்றி நானே கட்டுரை எழுதியிருக்கிறேன்.

ஒரு மணித்தியாலத்தில் அந்தப் பதிவுக்குச் சேர்ந்தது, மூன்று வருடத்தில் எனக்குச் சேராதது. எழுத்துப்பிழை மட்டும் பதினொன்று. நான் எதிர்வாக்குப் போட்டேன். பொய்ச் செய்தி என்று நான் சொல்லவில்லை. அது உண்மை என்று எனக்குத் தெரியும். முதல்நாள் இரவு அவர்கள் வீட்டில் செபமாலை சொன்னவர்களில் நானும் ஒருவன். காரணம் கேட்ட இடத்தில் 'தகுதிக்கு மிஞ்சிய வெகுமதி' என்பதைத் தெரிவு செய்தேன். பதிவு மறைந்தது. அவள் திரும்பவும் போட்டாள். ஒரே விசயத்தை இரண்டு தரம் போடுவது விதிப்படி பிழை. அதையும் மறைத்தேன்.

மத்தியானம் என் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"அண்ணை, தராசு எண்டு ஆரோ என்ரை பதிவை மறைச்சுப்போட்டினம். உங்களுக்குத்தானே உதெல்லாம் தெரியும். ஒருக்கால் எடுத்துவிடுங்கோ."

"பொறு பிள்ளை. ஏழு நாள் முடியச் சரிவரும்."

"ஏழு நாள் அவர் தண்ணியில்லாமல் இருப்பாரே, அண்ணை?"

நான் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். அவள் குடிக்கவில்லை. தொலைபேசி என் சட்டைப்பையில்தான் இருந்தது. ஒரு விரல் வைத்தால் எதிர்வாக்கு நீங்கிவிடும். ஆனால் அழுதுகொண்டு வந்தவருக்காக நீக்கினால், அழத் தெரியாதவர்களுக்கு என்ன நியாயம்?

மூன்றாம் நாள் பாம்பன் படகொன்று தூரத்தில் நீலக் கோடு போட்ட வெள்ளைப் படகைக் கண்டிருக்கிறது. யாரோ வலை போட்டிருக்கிறான் என்று நினைத்து விலகிப் போயிருக்கிறார்கள். அந்தப் படகின் முதலாளி மேர்சியின் பதிவுகளைத் தவறாமல் பார்ப்பவர். 'இதப் பாத்திருந்தா அன்னைக்கே கட்டி இழுத்துட்டு வந்திருப்போமே' என்று பிறகு எழுதினார். ஐந்தாம் நாள் படகு அங்கே ஒரு மணல்திட்டில் தட்டியது. றோய் உள்ளேயே கிடந்தான். காயம் ஒன்றும் இல்லை. தாகம்தான் என்றார்கள்.

நான் சொன்ன சொல் தவறவில்லை. ஏழாம் நாள் கணக்கு முடிந்த கையோடு இரண்டு எதிர்வாக்குகளையும் நீக்கிவிட்டேன். போய்ப் பாருங்கள், இப்போது எல்லோருக்கும் தெரிகிறது.

அடக்கம் முடிந்த பிறகு றோயைப் பற்றி ஓர் அஞ்சலிக் கட்டுரை எழுதினேன். அவன் கடைசி நாள்களில் கண்டிருக்கக்கூடிய கடலை எழுதினேன். நல்ல தமிழ், ஒரு பிழை இல்லை. வாசித்து அழுததாக நீங்களே எழுதினீர்கள். பாம்பன் முதலாளியும் வாக்குப் போட்டார். அந்த வருடம் தமிழில் கூடுதலான வெகுமதி பெற்ற பதிவு அதுதான்.

அதில் மேர்சிக்கு ஏதும் கொடுத்தேனா என்று கேட்கிறீர்கள். ஏன் கொடுக்க வேண்டும்? எழுதியது நான்தானே.