லஸ்த்ரி அக்காவின் பத்து விரல்கள்

தேநீரில் சீனி போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள், ஐயா. நம் ஜாவாவில் இதைத் தொடாமல் வைப்பது மரியாதையில்லை, தெரியும். மன்னிக்க வேண்டும், நான் குடிப்பதில்லை.

பயம்தான். அப்பாவுக்கு முதலில் கால் சுண்டுவிரல் கறுத்தது. பிறகு பாதம். கடைசியில் முழங்காலோடு எடுத்தார்கள். அந்த வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. அதற்காகவே நான் ஊட்டச்சத்தியல் படித்தேன். அக்கா லஸ்த்ரி எதற்கும் பயப்பட மாட்டாள். நன்றாகச் சிரிப்பாள், நன்றாகச் சாப்பிடுவாள். நாற்பத்தெட்டு வயதில் அவளுக்கும் சர்க்கரை நோய் வந்தது.

செவ்வாய்தோறும் எங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் நோயாளிகளுக்கு வகுப்பெடுக்கிறேன். ரப்பர் சோறு, ரப்பர் மீன் எல்லாம் வைத்து, தட்டில் பாதி காய்கறி, கால்பங்கு சோறு என்று காட்டுவேன். பிறகு படப்புத்தகம். அதன் ஏழாம் பக்கத்தில் ஒரு பெண் வியர்த்து நடுங்குவாள். மாத்திரையால் சர்க்கரை மிகவும் இறங்கிவிட்டது, உடனே சீனித் தண்ணீர் கொடுங்கள் என்று எழுதியிருக்கும். அந்தப் பக்கத்தை அடுத்ததோடு சேர்த்து கிளிப் போட்டு வைத்தேன். நம்மவர்களைத் தெரியாதா? அதைக் காட்டினால் சீனிக்காகவே வீட்டுக்கு வீடு நடுக்கம் வந்துவிடும்.

அக்காவே அப்படித்தான். "கை நடுங்குதுடி வுர்யானி, ஒரு வாய் சீனித் தண்ணி தாயேன்."

"நடிக்காதக்கா."

"ஒரு கரண்டி சீனி தின்னா செத்தா போயிடுவேன்? அடி பயந்தாங்கொள்ளி!"

அவள் சிரிக்கும்போதெல்லாம் நான் அவள் கால்விரல்களைத்தான் பார்ப்பேன்.

அதனால் எங்கள் வீட்டில் சீனியே இல்லாமல் செய்துவிட்டு, தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். "அக்கா கேட்டா குடுக்காதீங்க. நடுங்குவா, அழுவா, எல்லாம் நாக்கு ருசிதான். குடுத்தா அவ காலை நீங்களே வெட்டின மாதிரி." எதிர்வீட்டு துகியெம் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். "ஐயோ, அந்தப் பாவம் எனக்கு வேணாம்மா."

நோன்பு மாதம் வந்தது. பகலெல்லாம் பட்டினி என்பதால் விடிகாலை மாத்திரையைப் பாதியாக்கச் சொன்னார் டாக்டர். ஆனால் மாலையில் ஊரே இனிப்புத் தேநீரில்தான் நோன்பு திறக்கும். அக்கா ஒரு கோப்பையோடு விடமாட்டாள். அதை ஈடுகட்ட முழு மாத்திரையே போடு என்றேன். நான் சொன்னால் போட்டுக்கொள்வாள்.

ஒருநாள், நோன்பு திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. எல்லா வீட்டிலும் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா ஒற்றைச் செருப்போடு தெருவில் வந்தாள். ரவிக்கை நனைந்து ஒட்டியிருந்தது. முதல் வீட்டில் முடியாதென்று தலையாட்டி அனுப்பிவிட்டார்கள். அடுத்த வீட்டிலும் அப்படியே. துகியெம் வீட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"துகி... பசியில்லடி. என்னமோ பண்ணுது, பயமாயிருக்கு. ஒரு மடக்கு."

அவள் பயமாயிருக்கு என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. துகியெம் அழுதுகொண்டேதான் சொன்னாள். "வுர்யானி சொல்லியிருக்கா அக்கா. உன் காலுக்காகத்தான், பொறுத்துக்க." கதவைச் சாத்தினாள்.

ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தேன். ஏழாம் பக்கம் அப்படியே தெருவில் நின்றது. எனக்குத் தெரியும், ஐயா. எதிர்வீடுதான், பத்தடி தூரம். போய் ஒரு கோப்பை வாங்கிக் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாள். ஆனால் நான் சொன்னது தப்பு என்று தெருவே பேசும். செவ்வாய்க்கிழமை யார் என் பேச்சைக் கேட்பார்கள்? ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அவள் கேட்டடியில் சரிந்தாள். நோன்பு திறக்கச் சொல்லி மசூதி முரசு ஒலிக்கும்போது மூச்சு இல்லை.

குளிப்பாட்டும்போது பாதங்களை நான்தான் கழுவினேன். ஒவ்வொரு விரலாக விலக்கிப் பார்த்தேன். பத்தும் இருந்தன, ஐயா. ஒன்றுகூடக் கறுக்கவில்லை.