நூற்றுப் பதினெட்டுக்கான ஒரு வரி

வாக்குமூலம் எழுத நான்கு தாள் கொடுத்திருக்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் மேடம். எனக்கு இரண்டே போதும் என்று நினைக்கிறேன். படிக்கிறவர் ஒரு தடவை படித்தாலே புரியும்படி எழுதுவது என் பழக்கம். சொல்லப்போனால் அதுதான் என் தொழில். மிச்சத் தாளை மடிக்காமல் ஓரமாக வைத்திருக்கிறேன், வேறு யாருக்காவது உதவும்.

என் பெயர் அறிவழகன். வயது முப்பத்தொன்பது. பிறந்ததும் வளர்ந்ததும் நெய்வேலி டவுன்ஷிப்பில். அப்பா நிலக்கரி நிறுவனத்தில் பெர்மனென்ட் ஊழியர். அவர் ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டுக்கு வந்தோம். நான் சென்னையில் ஒன்பது வருடம் மென்பொருள் வேலை பார்த்தேன். அந்த வேலை போன விதத்தைச் சொல்லியாக வேண்டும். ஒரு நாள் மீட்டிங்கில், நான் எழுதிய நிரலை என்னைவிடப் பத்து வயது சின்னவர் ஒருவர் பெரிய திரையில் போட்டார். யார் எழுதியது என்று சொல்லவில்லை. இதற்கு அர்த்தம் சொல்பவருக்குப் பிரியாணி என்றார். இருபது பேர் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். மூன்று மாதத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன். அவமானத்தில் சிரிக்க வேண்டியிருந்ததே, அதைத்தான் என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை.

செங்குட்டுவன் என்னோடு பள்ளியில் படித்தவன். மந்தாரக்குப்பத்தில் ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில் சின்னதாக மென்பொருள் ஆபீஸ் வைத்திருக்கிறான். "வெட்டியா வூட்ல உக்காந்துக்கினு இருக்காதடா, வா" என்று கூப்பிட்டான். போனேன். அங்கே எனக்கு முன்பே ஆறு வருடமாக வேலை பார்த்தவர் சரிதா. நல்ல பெண். எல்லோருக்கும் பிடித்தவர். எனக்கும்தான்.

எங்கள் பெரிய வாடிக்கையாளர் சிங்காரவேல். ஆள் சப்ளை செய்யும் காண்ட்ராக்டர். அனல்மின் நிலையச் சாம்பலில் கட்டடக் கல் செய்யும் தனியார் தொழிற்சாலைகளுக்கு முந்நூறு பேரை அனுப்புகிறார். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். எந்த எண் எந்த இடத்துக்கு, எந்த ஷிஃப்டுக்குப் போக வேண்டும் என்பதை எங்கள் நிரல்தான் முடிவு செய்யும். சனிக்கிழமை மதியம் அந்த வார லிஸ்ட்டை அவருடைய ஷெட் சுவரில் ஒட்டுவார்கள். ஆட்கள் வந்து தங்கள் எண்ணைத் தேடிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

அந்த நிரலைச் சரிதா எழுதியிருந்தார். என்னிடம் கேட்டால் அது நிரலே இல்லை, ஊர் வம்பு. 73-ம் 91-ம் ஒரே ஷிஃப்டில் வரக்கூடாது. 204-ஐச் சாம்பல் கொட்டும் இடத்தில் போடக்கூடாது. இப்படியே அடுக்கடுக்காக. ஏன் என்று ஒரு இடத்திலும் குறிப்பு இல்லை. எங்கள் தொழிலில் ஒரு அளவுகோல் உண்டு, மேடம். 'இப்படி இருந்தால் அப்படிச் செய்' என்று நிரலில் பாதை பிரிகிற ஒவ்வொரு இடத்தையும் ஒரு கருவி எண்ணிச் சொல்லும். எண் பெரிதானால் சிக்கல் பெரிது, படிப்பவருக்குத் தலைசுற்றும். பத்துக்குள் இருந்தால் நல்லது. பத்தைத் தாண்டினால் சிவப்பு காட்டும். சரிதாவின் நிரல் நாற்பத்தேழு காட்டியது.

நான் யாரையும் கேலி செய்யவில்லை. திரையில் போட்டுச் சிரிக்கவில்லை. சரிதாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு வரியாக, இது எதற்கு என்று பொறுமையாகக் கேட்டேன்.

"73 ஆதிலட்சுமி சார், 91 அவங்க ஓர்ப்படி கலியம்மாள். ஒருத்தர் வேலைக்குப் போனா இன்னொருத்தர் ரெண்டு வீட்டுப் பிள்ளைங்களையும் பாத்துக்குவாங்க" என்றார். 204-க்கு ஆஸ்துமா, டாக்டர் சீட்டோடு. இப்படி முப்பத்தாறு வரிகளுக்கும் ஒரு மனிதரும் ஒரு காரணமும் கிடைத்தது. அவற்றையெல்லாம் நிரலிலிருந்து எடுத்து ஒரே அட்டவணையாக ஆக்கினேன். முதல் பத்தியில் எண், அடுத்ததில் கட்டுப்பாடு, மூன்றாவதில் காரணம். அந்த அட்டவணை லிஸ்ட்டோடு சேர்ந்து சிங்காரவேல் ஆபீஸுக்கும் தொழிற்சாலை கேட்டுக்கும் போகும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், புரிந்துகொள்ளலாம். அதைவிட நியாயமான வேலை என் வாழ்க்கையில் நான் செய்ததில்லை. எண் நாற்பத்தேழிலிருந்து பதினொன்றுக்கு இறங்கியது.

ஆட்களைப் பற்றிய வரிகளில் மிச்சமிருந்தது ஒன்று. 118-ஐ உயரமான இடத்தில் போடக்கூடாது.

"அது அப்படியே இருக்கட்டும் சார்" என்றார் சரிதா. அதற்கு முன் எந்த வரிக்கும் அவர் அப்படிச் சொன்னதில்லை. நான் விடவில்லை. மறுநாள் டீ குடிக்கும்போது மெதுவாகச் சொன்னார். 118 தங்கராசு. வலிப்பு உண்டு. ஐந்தாறு மாதத்துக்கு ஒரு முறை வரும். மாத்திரையைக்கூட கடலூர் போய்த்தான் வாங்குகிறார், இங்கே வாங்கினால் தெரிந்துவிடும் என்று. சூப்பர்வைசர் கலைச்செல்வன் மூன்று வருடம் முன்பு சரிதாவிடம் வாய்வார்த்தையாகச் சொன்னது.

மேடம் வெளியூர் என்பதால் ஒன்று சொல்கிறேன். இங்கே காண்ட்ராக்ட் ஆட்கள் இந்த மாதிரி நோயை வேலைக் கார்டில் எழுத விடமாட்டார்கள். ஆஸ்துமா என்றால் இடம் மாற்றிக் கொடுப்பார்கள். வலிப்பு என்று எழுதினால் கேட் பாஸே கிடையாது. ஒரு கேட்டில் இல்லையென்றால் எந்தக் கேட்டிலும் இல்லை. என்றைக்காவது பெர்மனென்ட் ஆவோம் என்று பதினைந்து வருடம் காத்திருந்ததெல்லாம் அன்றோடு போச்சு. அதனால் ஆள் சூப்பர்வைசரிடம் சொல்வார், சூப்பர்வைசர் லிஸ்ட் போடுகிறவரிடம் சொல்வார், லிஸ்ட் போடுகிறவர் சத்தமில்லாமல் இடத்தை மாற்றிவைப்பார். யாரும் எதுவும் எழுதமாட்டார்கள். சரிதா காரணமில்லாத ஒரு வரியாக எழுதி வைத்திருந்ததும் அதைத்தான். புரியாமல் இருப்பதுதான் அந்த வரியின் வேலை.

எனக்கு அது உறுத்தியது. காரணத்தை வெற்றிடமாக விட்டுவிடலாமே என்றார் சரிதா. வெற்றிடம் விட்டால் கேட்டில் இருப்பவர் அதைத்தான் முதலில் கேட்பார். 'சொந்தக் காரணம்' என்று போடலாமே என்றார். அது பொய். பொய்யான குறிப்பு குறிப்பே இல்லாததைவிட மோசம். தனியாக இன்னொரு பகுதியாகப் பிரித்து வைக்கலாமே என்றார். பிரித்தால் அதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டும், பெயர் வைத்தால் தெரிந்துவிடும். மேலும் அடுப்படிக் குப்பையைக் கூடத்தில் தள்ளிவிட்டு வீட்டைப் பெருக்கியதாகச் சொல்ல முடியாது.

"பதினொண்ணாவே இருந்துட்டுப் போகட்டுமே சார். யார் பாக்கப் போறா?" என்றார்.

கருவி பார்க்கும், நான் பார்ப்பேன் என்றேன். அவர் தன் இடத்துக்குப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்துத் தங்கராசுவும் அவர் மனைவி சாமியம்மாளும் மாடி ஏறி வந்தார்கள். சரிதா சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். ஒல்லியான மனிதர். துவைத்துத் தேய்த்த சட்டை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சார், அத மட்டும் எழுதிடாதீங்க சார். எழுதனா கேட்ல வுடமாட்டாங்க. பொண்ணு காலேஜ் ரெண்டாம் வருசம் படிச்சிக்கினு இருக்குது" என்றார்.

"எழுத மாட்டேன்" என்றேன்.

"சத்தியமா சார்?" என்று கேட்டார் சாமியம்மாள்.

"சத்தியமா" என்றேன். கொடுத்த வாக்கை மீறியவன் என்று என்னை யாரும் சொல்லிவிட முடியாது, மேடம்.

ஐந்து நாள் யோசித்தேன். எழுதினால் ஒரு குடும்பம் தெருவுக்கு வரும். எழுதாமல் விட்டால் பதினொன்று. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழிதான் எனக்குத் தெரிந்தது. ஒரு புதன்கிழமை மதியம், சரிதா சாப்பிடப் போயிருந்தபோது, அந்த வரியை எடுத்துவிட்டேன். எங்கள் முறைப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு குறிப்பு எழுத வேண்டும். 'தேவையற்ற நிபந்தனை நீக்கப்பட்டது' என்று எழுதினேன். அந்தக் குறிப்பு இன்னும் கணினியில் இருக்கிறது, நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். கருவியை ஓடவிட்டேன். பத்து. பச்சை. வெகுநாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். சரிதாவிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. பேசி முடித்தாயிற்று, வரி அங்கேயே இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரம் எதுவும் நடக்கவில்லை. மூன்றாவது சனிக்கிழமை லிஸ்ட் அச்சாகி வந்தபோது வழக்கம்போல ஒரு முறை படித்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. 118, முதல் ஷிஃப்ட், சாம்பல் ஏற்றும் பெல்ட்டின் மேல்தளம். படித்தேன். அச்சு சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்பிவிட்டேன்.

ஞாயிறு காலை கறிக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது.

"சார், நூத்திப் பதினெட்டு பேசறங்க. லிஸ்ட்டுல என்ன பெல்ட்டு மேல போட்ருக்குதுங்க. கலை சாரு மேல்பட்டாம்பாக்கம் கல்யாணத்துக்குப் போயிருக்காரு, போன எடுக்கல. தெரியாம வந்துடுச்சுங்களா?"

ஆமாம், தெரியாமல் வந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் என் நிரல் தப்பு செய்தது என்று ஆகும். அது செய்யவில்லை. சொன்னதைத்தான் செய்தது. தங்கராசு தானாக மறுக்கலாம் என்றால், மறுக்கக் காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணத்தைத்தான் அவரால் சொல்ல முடியாது. வலிப்பு ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்றால், இந்த ஆறு நாளில் வர வாய்ப்பு எவ்வளவு என்று கறிக்காரர் எடை போடுவதற்குள் மனதில் பார்த்தேன். முப்பதில் ஒன்று. பெரிய எண்ணாகத் தெரியவில்லை.

"ஒரு வாரந்தான் தங்கராசு. மாத்திரைய ஒழுங்கா போட்டுக்கங்க. அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றேன்.

"சரிங்க சார். நீங்க பாத்துதான போட்ருப்பீங்க" என்றார்.

லிஸ்ட்டைப் பேனாவால் திருத்தலாம், மேடம். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். ஷெட் என் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் பத்து நிமிடம். கறியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கள், செவ்வாய், புதன் நல்லபடியாகப் போயின. வியாழக்கிழமை காலை பத்து இருபதுக்கு வலிப்பு வந்துவிட்டது. மேல்தளத்திலிருந்து தரை இருபத்திரண்டு அடி. கீழே இருந்தவர்கள் கூச்சல் போட்டுப் பெல்ட்டை நிறுத்தச் சொன்னார்களாம். நிறுத்தினார்களாம். மற்றதை நீங்கள் போட்டோவில் பார்த்திருப்பீர்கள்.

செய்தி வந்ததும் சரிதா நிரலைத் திறந்து 118 என்று தேடினார். கிடைக்கவில்லை. இன்னொரு முறை தேடினார். பிறகு மாற்றக் குறிப்புகளைப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு போனவர் இன்றுவரை வேலைக்கு வரவில்லை. எனக்கு அவரை நினைத்தால் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. இப்போது நோயை மறைத்தது தங்கராசுவின் குற்றம் என்கிறார்கள். குறிப்பு எழுதாமல் விட்டது சரிதாவின் குற்றம் என்கிறார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் சாமியம்மாள் ஆபீஸுக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"எழுத மாட்டேன்னு சத்தியம் பண்ணீங்க, எழுதல. சாவற வரைக்கும் அவரு மானத்தோட வேலைக்குப் போனாரு. அதச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தங்க" என்றார்.

நான் அழுதுவிட்டேன், மேடம். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. என் எதிரில் வெறும் நெற்றியோடு நின்ற அந்த அம்மாள்தான் எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். "வுடுங்க சார். அவரு விதி. நீங்க என்னா பண்ணுவீங்க" என்றார். நான் தண்ணீரைக் குடித்தேன். இல்லை என்று மறுக்கவில்லை. அதற்குப் பிறகு நான் சரியாகத் தூங்கவே இல்லை. அதனால்தான் நீங்கள் கூப்பிடுவதற்கு முன்பே நானாக வந்தேன்.

ஆகவே எழுதிக் கொடுக்கிறேன். அந்த வரி எதற்கு என்று எனக்குத் தெரியும். தெரிந்தே எடுத்தேன். லிஸ்ட்டில் அவர் எண்ணைப் பார்த்தேன். அவரே போன் செய்து கேட்டபோதும் தெரிந்தே மேலே போகச் சொன்னேன். இதில் சரிதாவுக்கும் கலைச்செல்வனுக்கும் எந்தப் பங்கும் இல்லை. என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

ஒரே ஒரு விளக்கத்தை மட்டும் சேர்த்துக்கொள்ள அனுமதியுங்கள். போன திங்கட்கிழமை சிங்காரவேல் ஆபீஸில் 118 என்ற எண்ணை ரத்து செய்துவிட்டார்கள். இனி அந்த எண்ணில் யாரும் வேலைக்கு வரப்போவதில்லை. அந்த வரி இன்றைக்கு இருந்திருந்தாலும் தேவையில்லை என்று யாராவது எடுக்கத்தான் போகிறார்கள். நான் செய்தது தவறுதான், மேடம். சில வாரம் முன்னதாகச் செய்துவிட்டேன்.